மூன்று சுழி மனசு

போன வாரம் பிலிப்ராஜ் சொன்ன அந்த ஒற்றைச் ‘சரி’யை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

“இந்தத் தொடரோட முடிச்சுக்கறேன். இனிமே எழுதறதா இல்ல” என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள் அவன் மனைவி மதலேனாள். அவன் வாய் நிறையச் சோறு. விழுங்கிவிட்டு, “சரி” என்றான்.

காதில் விழுந்தது என்பதற்காகச் சொன்ன சரி அது. அவள் காதிலோ அது ‘தொல்லை விட்டது’ என்று போய் விழுந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் உப்பு, தண்ணீர், டீசல் தவிர வேறு எதைப் பற்றியும் பேச்சு நடக்கவில்லை.

பிலிப்ராஜின் தங்கை பிலோமினாள் இதை இப்படியே விடுகிற ஆளா? சனிக்கிழமை விடிந்ததும், மலையிலிருந்து திருப்பத்தூருக்கு ஆள் ஏற்றி ஓட்டும் ஜீப்பைக் கிளப்பப் போனவனை மறித்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் தையல் டேப் தொங்கியது. புதூர்நாட்டுப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் அவள். அளவெடுக்கிற கண்ணால்தான் அண்ணனையும் பார்த்தாள்.

“அண்ணி ஏன் எழுதறத நிறுத்தறாங்க தெரியுமா?”

“ஏன்?”

“உனக்குப் புடிக்கலன்னு.”

“நான் எப்ப அப்படி சொன்னேன்?”

“நீ எப்பத்தான் இன்னா சொல்லியிருக்கே?”

“ரேடியேட்டர்ல தண்ணி பாக்கணும்” என்று அவன் பானெட்டைத் திறந்தான்.

“இதத்தான் சொல்றேன். அண்ணியப் பத்தி யாராச்சும் நாலு வார்த்த நல்லதா சொன்னா உடனே ரேடியேட்டர பாக்கப் போய்டற. இந்த வாரக் கதையில கதாநாயகியோட புருஷன் ஆதவன் மனசுல இன்னா ஓடுதுன்னு போட்டிருக்காங்க, படிச்சியா? ‘இவள் எழுத உட்கார்ந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நான் விருந்தாளி.’ ஆதவன் யாருன்னு இந்த மலையில எல்லாருக்கும் தெரியும்ணா.”

பிலிப்ராஜ் தண்ணீர் ஊற்றினான். அந்த வரியை அவன் படித்திருந்தான். பத்திரிகையில் அச்சாவதற்கு முன்பே படித்திருந்தான். அது தங்கைக்கும் தெரியாது, பெண்டாட்டிக்கும் தெரியாது என்பது அவன் நம்பிக்கை.

சனிக்கிழமைதோறும் மதலேனாள் தன் அத்தியாயத்தை உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பாள். அதை ஜோலார்பேட்டை ஜங்ஷனில் மெட்ராஸ் தபால் பை கட்டுவதற்குள் சேர்ப்பது பிலிப்ராஜின் வேலை. மைதாப் பசை காய்வதற்குள், இறக்கத்தில் நாலாவது கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஓரம் கட்டுவான். “ரேடியேட்டர் சூடாய்டுச்சு, கொஞ்சம் ஆறட்டும்” என்று வண்டியில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு, பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டு, மறுபடி ஒட்டிவிடுவான். இறக்கத்தில் எந்த ஊர் ரேடியேட்டர் சூடாகும் என்று சாமைக் கொல்லைக்காரர் தீர்த்தகிரி ஒரு முறை கேட்டதற்கு, இந்த வண்டி அப்படித்தான் என்று சொல்லிவிட்டான்.

நேராகவே வாங்கிப் படித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். படித்தான். அவள் சின்னச் சின்னக் கதைகள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஒன்றைப் படித்துவிட்டு, “நல்லா கீது” என்றான். “எது நல்லா இருக்கு?” என்று கேட்டாள் மதலேனாள். பள்ளிக்கூடத்து டீச்சர் அல்லவா, கேள்வி கேட்டுத்தான் பழக்கம். பிலிப்ராஜுக்கு வியர்த்துவிட்டது. எல்லாமே நன்றாக இருந்தது. எது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. படிக்காமலே சொல்கிறான் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து இவன் பாறைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டான்.

அப்படி ஒளிந்து படிக்க அது என்ன கதை?

கி.பி. இரண்டாயிரத்து நாற்பது. டாக்டர் யாமினி ராப்பகலாகக் கணக்கு எழுதி, ‘இணைப்பி’ என்று ஒரு கருவி செய்கிறாள். இரண்டு பித்தளை வளையம், நடுவே ஒரு கம்பி. ஆளுக்கு ஒன்றாகத் தலையில் மாட்டிக்கொண்டால் ஒருவர் மனசு மற்றவருக்குத் தெரியும். பள்ளிப் பிள்ளைகளைக் காவலூருக்கு அழைத்துப் போய், நட்சத்திரம் பார்க்கிற பெரிய கண்ணாடியைக் காட்டிவிட்டுத் திரும்பிய அன்று ஜீப்பில் பிறந்தது அந்தக் கருவி. “அவ்ளோ தூரத்துல இருக்கறது தெரியுது. பக்கத்துல உக்காந்து வண்டி ஓட்றவர் இன்னா நெனைக்கிறார்னு பாக்க ஒரு கண்ணாடி இல்லியே” என்றாள் மதலேனாள். பிலிப்ராஜ் கியர் மாற்றினான். அந்த வாரமே அவள் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

சுகாதார நிலையத்திலிருந்து மூளைப் படம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து அடுப்பங்கரைச் சுவரில் மாட்டினாள். எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி, “இந்த நிமிஷம் இன்னா நெனச்சிட்டிருந்தீங்க?” என்று கேட்டாள். புளி உலுக்குகிறவர் முதல் பள்ளி ஆய்வாளர் வரை எல்லாரும் முழித்தார்கள். முழித்ததையும் குறித்துக்கொண்டாள்.

கதையில் யாமினி முதன்முதலாக இன்னொருவர் மனசுக்குள் நுழைகிறபோது வார்த்தையே வருவதில்லை. இடது குதிகாலில் ஓர் அரிப்பு, பாதி மறந்துபோன பாட்டு ஒன்று, அவ்வளவுதான் வருகிறது. இன்னொரு அத்தியாயத்தில், கூட வேலை செய்கிறவள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று அறிய யாமினி ஆசை ஆசையாக வளையத்தை மாட்டுகிறாள். அந்த மனசு முழுக்கத் தேடியும் யாமினிக்கு அங்கே இடமே இல்லை. ஒழுகுகிற கூரையைப் பற்றிய கவலைதான் மூலை முடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைப் படித்த அன்று பிலிப்ராஜ் பாறையை விட்டு எழுந்திருக்க மறந்துவிட்டான். தன்னோடு ஒரே கூரையின் கீழ், ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே இதையெல்லாம் யோசிக்கிற ஒருத்தி இருக்கிறாள் என்பது அவனுக்குப் பெருமையாகவும் பயமாகவும் இருந்தது.

அந்தத் தொடருக்குத் தலைப்பு வைத்தவன் அவன்தான். முதல் அத்தியாயம் அனுப்பிய அன்று அவள் அவசரத்தில் தலைப்பு எழுத மறந்துவிட்டாள். ஜோலார்பேட்டையில் தபால் கவுன்ட்டர் பஞ்சாட்சரம் கயிறு கட்டிய பேனாவை நீட்ட, வீட்டில் அவள் சொல்லிக்கொண்டிருந்த பெயரைப் பிலிப்ராஜே மேலே எழுதினான். ‘மன இணைப்பு’ என்று நினைத்துக்கொண்டு ‘மண இணைப்பு’ என்று எழுதினான். ரெண்டு சுழியும் மூணு சுழியும் அவனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தகராறு.

பத்திரிகைக்காரர்கள் ஏதோ ஆழமான சிலேடை என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அப்படியே பெரிய எழுத்தில் போட்டு, ஓவியர் சுற்றிலும் ஒரு மாலையும் வரைந்துவிட்டார். பத்திரிகை வந்த அன்று மதலேனாள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “இருக்கட்டும் விடுங்க, இதுவும் பொருந்துது” என்றாள். வாசகர்கள் விடவில்லை. மணம் இணைக்கிற பொறியில் எங்கள் பிள்ளையை ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள் என்று ஜாதகத்தோடு கடிதங்கள் வந்தன.

கடிதம்தான் இதுவரை வந்தது. இன்றைக்கு ஆட்களே வந்துவிட்டார்கள்.

திருப்பத்தூரிலிருந்து ஜீப் மேலே திரும்பும் நடையில் மூன்று பேர் ஏறினார்கள். ஒரு தாய், ஒரு மகள், ஒரு மருமகன். தாய்க்காரி நடுவில் உட்கார்ந்துகொள்ள, மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

“புதூர்நாட்டுல மண இணைப்பு அம்மா வூடு எங்க கீது?” என்று தாய்க்காரி பொதுவாகக் கேட்டாள்.

முன்னால் உட்கார்ந்திருந்த தீர்த்தகிரி சிரித்தார். “நீங்க ஏறி வர்றதே அந்த வூட்டு வண்டிதாம்மா. ஓட்றவர கேளுங்க.”

பிலிப்ராஜ் கியர் மாற்றினான்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் மதலேனாள் அட்டையும் பேனாவுமாக வந்து டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டாள். உள்ளே தையல் மிஷின் ஓயாது. அவளுக்கு எழுத வாகான இடம் நிற்கிற ஜீப்தான். ஸ்டியரிங் மேல் அட்டையைச் சாய்த்துக்கொண்டால் மேஜை. காலையிலிருந்து எழுதிக் கிழித்த தாள்கள் அவள் மடியிலேயே கிடந்தன. முடிவு வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வண்டி மறுபடி இறங்குவதற்குள் வந்தாக வேண்டும்.

“டீச்சரம்மா” என்று தாய்க்காரி ஜீப்பின் பக்கத்தில் வந்து நின்றாள். “எம் பேரு சாந்தம்மாள். படவேட்டுல இருந்து வர்றோம். இது எம் பொண்ணு செந்தாமரை, அது மாப்பிள லட்சுமணன். ஒரே ஒரு தபா அந்த மிஷின்ல வெச்சு ரெண்டு பேரையும் பாத்துடுங்க.”

“மிஷினே கிடையாதும்மா. அது கதை. நானா கட்டி எழுதறது.”

“படம் போட்டிருக்காங்களே.”

“அது எந் தையல் மிஷின பாத்து அண்ணி எழுதுனதும்மா” என்றாள் வாசலுக்கு வந்த பிலோமினாள். “வேணும்னா அதுல ஒரு ரவிக்கை தெச்சுத் தர்றேன்.”

சாந்தம்மாள் சிரிக்கவில்லை. ஜீப்பின் கம்பியைப் பிடித்திருந்த கை இறுகியது.

“இவ தங்கச்சி கல்யாணத்துக்குன்னு வந்து எங்க வூட்ல ஒரு மாசம் இருந்தா. திரும்பிப் போனதுல இருந்து மாப்பிள வாயத் தொறக்கல. இருன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. சோறு போட்டா துன்றாரு, அவ்ளோதான். கொழந்த இல்லாததால வேற பொண்ணு பாக்கறாரோன்னு இவ அழுவறா. இன்னிக்கு எனக்கு தெரிஞ்சாவணும். ஒண்ணா போனா போவட்டும். இல்லன்னா எம் பொண்ண நான் கூட்டிட்டுப் போய்டறேன்.”

பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த பிலிப்ராஜுக்குக் காது சுட்டது. சோறு போட்டால் தின்கிற இன்னோர் ஆளை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

மதலேனாள் கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்தாள். “மொதல்ல உள்ள போய் நாஸ்டா சாப்பிடுங்க” என்று அனுப்பினாள். சாப்பிட்டு வந்த செந்தாமரையை மட்டும் ஜீப்பில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அவர் எப்போது எழுந்திருப்பார், என்ன வேலை, யாரிடம் சிரித்துப் பேசுவார் என்று மெதுவாகக் கேட்டாள். லட்சுமணன் கரும்பு வண்டி ஓட்டுகிறவன் என்பதும், மாடுகளிடம் பேசுகிற அளவுகூட மனுஷரிடம் பேசாதவன் என்பதும் அப்போது தெரிந்தது. பிறகு ஒரு புதுத் தாளை எடுத்து எழுதினாள். எழுதிவிட்டு லட்சுமணனைக் கூப்பிட்டாள்.

அவன் வந்து மட்கார்டு ஓரமாக நின்றான்.

“நான் ஒண்ணு படிக்கறேன். உங்க மனசுல இன்னா இருக்குன்னு எனக்கு சத்தியமா தெரியாது. இது நானா கட்டினது. சரியா இருந்தா ஒண்ணும் சொல்ல வேணாம். தப்பா இருந்தா மட்டும் சொல்லுங்க.”

அவன் தலையாட்டினான். அவள் படித்தாள்.

“‘லட்சுமணன் நினைத்தான்: கல்யாணத்துக்குப் போனவள் ஒரு மாதம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பொங்கித் தின்றேனா, பட்டினி கிடந்தேனா என்று ஒரு வார்த்தை கேட்டு அனுப்பவில்லை. எனக்கும் கோபம் என்று ஒன்று உண்டு. அதை இவள் தெரிந்துகொள்ளட்டும்.’”

லட்சுமணன் கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறினான். சாந்தம்மாள் அவன் வாயையே பார்த்தாள். தையல் மிஷின் நின்றது.

“இல்லீங்க” என்றான்.

“இன்னா இல்ல?”

“கோவம் இல்லீங்க.”

மதலேனாள் நிமிரவில்லை. அந்த வரியைப் பேனாவால் அடித்தாள். “அடிச்சிட்டேன். அப்பால?”

“கூட்டிட்டு வரலாம்னு போனேங்க. பஸ் ஏறி, இவங்க வூட்டு வாசல் வரிக்கும் போய்ட்டேன். உள்ள சிரிப்புச் சத்தம். இவதான் சிரிச்சா.” நிறுத்தினான். யாரும் அவசரப்படுத்தவில்லை. “எங்க வூட்ல ஒரு நாளும் அப்படி சிரிச்சதில்லீங்க. கழட்டின செருப்ப மாட்டிக்கினு திரும்பிட்டேன். அங்க சந்தோசமா கீறவள எங்கூட இருன்னு எப்படி சொல்றது? போன்னு சொல்லவும் வாய் வரல.”

ஜீப்பிலிருந்து செந்தாமரை இறங்கினாள். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

“அன்னிக்கு எதுக்கு சிரிச்சேன்னு கேட்டியா நீ?”

அவனுக்கு நேரே வந்து நின்றாள்.

“உன்ன வெச்சுத்தான்யா சிரிச்சேன். தூக்கத்துல மாடு ஓட்டுவியே, ‘ஹை, ஹை, ஓரமா போ’ன்னு. அதத்தான் தங்கச்சிக்கு செஞ்சு காட்டினேன்.”

“நானா மாடு ஓட்றேன்?”

“தெனமும் ஓட்ற. ஒரு நாள் எங்கையப் புடிச்சு இழுத்து வண்டியில கட்டப் பாத்தே.”

முதலில் சிரித்தவள் பிலோமினாள்தான். பிறகு சாந்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லட்சுமணன் சிரிக்கவில்லை, ஆனால் மனைவியைப் பார்த்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு பார்க்கிறவன் மாதிரிப் பார்த்தான். செந்தாமரையின் கோபம் அந்தப் பார்வையில் பாதி போய்விட்டது.

மதலேனாள் இதையெல்லாம் பார்க்கவே இல்லை. அடித்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தப்பா சொல்லணும்” என்றாள் தனக்குத்தானே. “அந்த மிஷின் எல்லாத்தையும் சரியா சொல்லிட்டே இருக்கு. அதான் முடிவே வரல. அது தப்பா சொல்லணும்.”

பிறகு எழுத ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை. பிலோமினாள் மிஷின் பக்கம் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். தீர்த்தகிரி பலாப்பழங்களை ஏற்ற வந்தார். பிலிப்ராஜ் வாயில் விரலை வைத்து அவரை அப்படியே நிறுத்தினான்.

பெண்டாட்டி எழுதுவதை அவன் இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்ததில்லை. உதடு அசைந்தது. ஒரு வரி எழுதியதும் முகம் மாறியது, அடுத்த வரிக்கு இன்னொரு முகம். யாமினிக்கு ஒரு முகம், ஆதவனுக்கு ஒரு முகம். சற்று முன் ஒரு கரும்பு வண்டிக்காரனுக்காக ஒரு மனசைக் கட்டி, அது தப்பு என்று தெரிந்ததும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் அடித்தாளே, அந்தக் கையை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். இதைவிடப் பெரிய வித்தை எதையும் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது. இவள் இதை நிறுத்தப் போகிறாள். தன்னுடைய ஒரு ‘சரி’யால் நிறுத்தப் போகிறாள்.

லட்சுமணனே பேசிவிட்டான்.

பிலிப்ராஜ் ஜீப் பக்கம் போனான். “மதலே.”

அவள் நிமிர்ந்தாள். “இன்னாங்க?”

எத்தனை வருஷமாகக் காத்திருந்த கண் அது. அதைப் பார்த்ததும் அவன் பார்வை கைக்கடிகாரத்துக்கு ஓடியது.

“டைம் ஆவுது” என்றான்.

“தெரியும்” என்று அவள் தாளுக்குத் திரும்பினாள். வாசற்படியில் பிலோமினாள் தலையில் அடித்துக்கொண்டது அவன் காதில் கேட்டது.

ஒரு வழியாக உறை கைக்கு வந்தது. பிலிப்ராஜ் புரட்டிப் பார்த்தான். “ஒட்டலியா?”

“பசை தீந்துடுச்சு. வழியில நீங்களே ஒட்டிக்கங்க.”

காலையில் தங்கை காய்ச்சிய பசை கிண்ணம் நிறைய இருந்ததை அவன் பார்த்திருந்தான். ஒன்றும் சொல்லாமல் உறையைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்தான்.

இறங்கும்போது வண்டியில் இடம் மாறியிருந்தது. சாந்தம்மாள் முன்னால் தீர்த்தகிரிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். பின்னால் பலாப்பழங்களுக்கு நடுவே அவர்கள் இருவரும் ஒரே பெஞ்சில். “நீ ஓட்டின மாடு இன்னா கலரு?” என்று செந்தாமரை கேட்பதும், அவன் ஏதோ முணுமுணுப்பதும் கேட்டது.

நாலாவது வளைவில் பிலிப்ராஜ் வண்டியை ஓரம் கட்டினான்.

“சூடாய்டுச்சா?” என்றார் தீர்த்தகிரி.

“ஆமா.”

பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து உறையைத் திறந்தான். எழுத்து ஓட்டமாக, சாய்ந்து சாய்ந்து இருந்தது. படிக்கப் படிக்க, வளைவில் காற்று அடிப்பதும் மறந்துவிட்டது. கடைசிப் பக்கத்துக்கு வந்தான்.

‘இணைப்பி தவறாகத்தான் சொல்லியிருக்கிறது. முதல் நாளிலிருந்தே தவறு. எழுதி வைத்த பாடத்தைப் படிப்பதுபோல ஒருவர் மனசைப் படித்துவிடலாம் என்று யாமினி நினைத்திருந்தாள். இந்த வீட்டில் நான் விருந்தாளி என்று ஆதவன் நினைப்பதாகக் கருவி காட்டியபோது, அதை அவனிடம் கேட்காமலே நம்பியும் விட்டாள். வளையத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

“கருவி சொன்னது இது. இல்லையென்றால் நீங்கள் சொல்லுங்கள்” என்றாள்.

ஆதவன் சொன்னான்:’

அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. பாதிப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. தாளின் அடியில் ஒரே ஒரு வரி. ‘யாமினி கேட்டுக்கொண்டிருந்தாள்.’ அதற்கும் கீழே, முற்றும்.

பிலிப்ராஜ் தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கமும் வெற்று. எழுத மறந்துவிட்டாளோ என்று ஒரு கணம் பதறினான். அப்புறம் கிண்ணம் நிறைய இருந்த பசை ஞாபகத்துக்கு வந்தது.

அவளுக்குத் தெரியும். இந்த வளைவு தெரியும், இந்தப் பாறை தெரியும். இத்தனை வாரமும் தெரிந்துகொண்டேதான், பிரிக்க வாகாகப் பசையைத் தண்ணீராகக் கரைத்து ஒட்டியிருக்கிறாள். தெரிந்ததாக ஒரு வார்த்தை காட்டிக்கொண்டதில்லை. அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருந்து, காத்திருந்து, கடைசியில் பாதிப் பக்கத்தை ஒழித்துக் கொடுத்திருக்கிறாள்.

தாளை முழங்காலில் விரித்து நீவினான். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பேனாவுக்காகப் பையைத் தடவினான். ஸ்பேனர்தான் இருந்தது.

“இன்னும் ஆறலியா?” என்று தீர்த்தகிரி குரல் கொடுத்தார்.

அன்றைக்கு அந்த ஜீப் இறங்கிய வேகத்தைச் சாந்தம்மாள் படவேட்டில் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பாள். திருப்பத்தூர் பஸ் நிலையத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டான். லட்சுமணன் மாமியாரின் பையையும் மனைவியின் பையையும் ஒரே தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். “டீச்சரம்மாகிட்ட சொல்லிடுங்க” என்றவனுக்கு, என்ன சொல்ல வேண்டும் என்பது அதற்கு மேல் வரவில்லை. பிலிப்ராஜுக்குப் புரிந்தது. அவனைவிட அது யாருக்குப் புரியும்?

ஜோலார்பேட்டை கவுன்ட்டரில் பஞ்சாட்சரம் மெட்ராஸ் பையின் வாயைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

“சார், கொஞ்சம் இருங்க. பேனா குடுங்க.”

“மறுபடியும் தலைப்பு மறந்துட்டாங்களா?” என்று கயிறு கட்டிய பேனாவை நீட்டினார்.

பிலிப்ராஜ் மரப்பலகை மேல் தாளை விரித்தான். ‘ஆதவன் சொன்னான்’ என்ற இடத்துக்குக் கீழே பேனாவை ஊன்றினான். கி.பி. இரண்டாயிரத்து நாற்பதில் ஆகாய வண்டியில் பறக்கிறவன் எப்படிப் பேசுவான் என்றெல்லாம் அவன் யோசிக்கவில்லை. யோசித்தால் மறுபடி ரேடியேட்டர் பக்கம் போய்விடுவோம் என்று பயம். கை ஓடிய ஓட்டத்தில் எழுதினான்.

‘நான் விருந்தாளி இல்லை. உன் முதல் வாசகன். எல்லா வாரமும் நாலாவது வளைவில் வண்டியை நிறுத்திப் படித்தேன். எது நல்லா இருக்கு என்று நீ கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எல்லாம்தான். நான் சரி என்று சொன்னது நீ நிறுத்தறதுக்கு இல்லை. நீ எழுதாத சனிக்கிழமை அந்த வளைவில் எனக்கு என்ன வேலை? என் மணசில் இருந்தது இதுதான்.’

எழுதி முடித்துப் பார்த்தான். சந்தேகம் வந்துவிட்டது.

“சார், மனசுக்கு எத்தினி சுழி?”

பஞ்சாட்சரம் எட்டிப் பார்த்தார். “ரெண்டு சுழி. நீங்க மூணு போட்டுட்டீங்க. குடுங்க, நான் திருத்தறேன்.”

கை நீட்டியவரைப் பிலிப்ராஜ் தடுத்தான். கதையில் இப்படி ஒரு வளைவு எங்கிருந்து வந்தது என்று பத்திரிகைக்காரர்களுக்கும் புரியாது, படிக்கிறவர்களுக்கும் புரியாது. புரிய வேண்டியது ஒருத்திக்கு. அவளுக்கு இந்த மூன்று சுழியைத் தெரியும்.

தாளின் ஓரத்தில் எழுதினான்: ‘அச்சுக் கோப்பவருக்கு. மூன்று சுழியே இருக்கட்டும். திருத்த வேண்டாம்.’

உறையை ஒட்டிக் கொடுத்தான். பை வாய் இறுகியது. பஞ்சாட்சரம் அரக்கு முத்திரை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“இத உங்க வூட்டம்மாவா எழுதறாங்க? எங்க வூட்ல சண்ட போட்டுப் படிக்கறாங்க சார். கூரை ஒழுகற கவலைய எழுதியிருந்தாங்களே, அது எங்க வூட்டுக் கூரைதான்னு எம் பொண்டாட்டி இன்னும் சொல்றா. இன்னா மூளை சார் அந்தம்மாவுக்கு.”

வெளியே ஜீப் நின்றது. பிலிப்ராஜ் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கவுன்ட்டர் பலகையில் கையை ஊன்றி, நன்றாக நின்றுகொண்டான்.

“ஆமா சார். எம் பொண்டாட்டிதான்” என்றான். “இன்னும் சொல்லுங்க.”

பஞ்சாட்சரம் சொன்னார். பிலிப்ராஜ் ஒவ்வொன்றையும் கேட்டான்.

“இதோட முடியுதுன்னு போட்டிருந்தானே. அடுத்தது ஏதாச்சும் உண்டா?”

“உண்டு சார். எழுதிட்டுத்தான் இருக்காங்க” என்றான் பிலிப்ராஜ்.

எழுதுகிறவளுக்கு அது இன்னும் தெரியாது.